விமானச் சோற்றுக்குத் தனிக் காசு: திருநெல்வேலியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு எது லாபம்?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு டிக்கெட் போடும்போது, எல்லாம் முடிந்து காசு கட்டப் போகும் நேரத்தில் சில நிறுவனங்களின் தளத்தில் ஒரு படம் வந்து நிற்கும். வெள்ளைத் தட்டு, அதில் ஓரமாக இரண்டு இலை, நடுவில் பளபளவென்று ஏதோ ஒன்று. கீழே இருபது யூரோ, இருபத்தைந்து யூரோ என்று விலை. நம் காசுக்கு இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும். பாளையங்கோட்டையில் ஒரு குடும்பமே நல்ல ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு எழுந்து வரலாம்.

அங்கேதான் வீட்டில் வழக்கு ஆரம்பிக்கும். "போட்டிருவோம்ப்பா, அம்மைக்கு அந்தச் சாப்பாடு சேராது" என்பான் மகன். "எதுக்குல தண்டம்? நாங்க புளிச்சோறு கட்டிக்கிடுதோம்" என்பார் அப்பா. இரண்டு பேரும் விலையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, அந்த விமானம் எந்த ஊரில் சோறு ஏற்றுகிறது என்பதை.

விமானத்தில் யாரும் சமைப்பதில்லை. தரையில் ஒரு பெரிய சமையற்கூடத்தில் சமைத்து, உடனே 5 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, தட்டுகளில் அடைத்து, வண்டியில் கொண்டுபோய் ஏற்றுகிறார்கள். மேலே போன பிறகு சூடான காற்று அடிக்கும் அடுப்பில் வைத்துச் சூடுபண்ணித் தருவதோடு பணிப்பெண்ணின் வேலை முடிந்தது. ஆகவே உங்கள் தட்டின் ருசி பெரும்பாலும் கிளம்பும் ஊரைப் பொறுத்தது. சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ ஏற்றிய சைவச் சாப்பாட்டைச் சமைத்தவருக்குச் சைவம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. துபாய், தோஹாவில் ஏற்றினாலும் மோசமில்லை. அங்கே வந்து போகிறவர்களில் நம்மவர்கள் அவ்வளவு பேர். அதே பயணத்தில் திரும்பி வரும்போது ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ ஏற்றுகிற 'இந்திய சைவம்' கொண்டைக்கடலை மசாலாவும் காய்ந்த சோறுமாக வந்து நிற்கும்.

என் கட்சி இதுதான்: போகும்போது சாப்பாட்டுக்குத் தனிக் காசு கொடுக்கவே வேண்டாம். திரும்பும்போது மட்டும் யோசிக்கலாம். அப்போதும் காசு கொடுப்பது முதல் வழி இல்லை.

முதலில் இலவசமாகக் கிடைப்பதைச் சரியாகக் கேட்டு வாங்குவோம். எமிரேட்ஸ், கத்தார், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா போன்ற முழுச் சேவை நிறுவனங்களில் சாப்பாட்டின் விலை டிக்கெட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதற்குள்ளேயே நமக்கு வேண்டிய வகையைக் கேட்க நான்கெழுத்துக் குறியீடுகள் உண்டு. இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'வெஜிடேரியன்' என்று கண்ணில் பட்ட முதல் கட்டத்தை அழுத்திவிடுவார்கள். அது வி.ஜி.எம்.எல். என்றால் வீகன், தயிர், வெண்ணெய், பால் எதுவும் வராது. வி.எல்.எம்.எல். என்றால் மேல்நாட்டு சைவம், முட்டை இருக்கலாம். நமக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல். என்னும் ஆசிய சைவம். மசாலாவும் காரமும் கொஞ்சமாவது இருக்கும். கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூருக்கு மாலை போட்டவர், புரட்டாசிச் சனிக்கிழமை வெங்காயம் பூண்டு தொடாதவர் வி.ஜே.எம்.எல். என்னும் ஜெயின் சாப்பாட்டைக் கேட்கலாம். வெங்காயம், பூண்டு மட்டுமல்ல, உருளைக்கிழங்கு கேரட் போன்ற கிழங்கு வகையும் அதில் கிடையாது. மாட்டுக்கறி வேண்டாம், கோழி மீன் ஆடு சாப்பிடுவேன் என்பவருக்கு எச்.என்.எம்.எல். இருக்கிறது. மேலப்பாளையம், கடையநல்லூர்க்காரர்கள் ஐரோப்பிய நிறுவனத்தில் போனால் எம்.ஓ.எம்.எல். என்னும் முஸ்லிம் (ஹலால்) சாப்பாட்டைப் போட வேண்டும். எமிரேட்ஸ், கத்தார் விமானங்களில் ஏற்றுவது எல்லாமே ஹலால் என்பதால் அங்கே இதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

குறியீடு போட்டவர்களுக்குத் தட்டு முதலில் வரும். பின்வரிசையில் உட்கார்ந்து 'கோழி தீர்ந்துபோச்சு, பாஸ்தாதான் இருக்கு' என்ற பேச்சைக் கேட்கும் நிலை வராது. பெரும்பாலான நிறுவனங்களுக்குக் கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்னால் சொல்லிவிட வேண்டும். சில வகைக்கு இன்னும் முன்னால். ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவன விமானம் மாறிப் போகிறீர்கள் என்றால், முதல் நிறுவனத்தில் போட்டது இரண்டாவதற்குப் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டாவது நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். விமான நேரம் மாற்றிப் புது டிக்கெட் அனுப்பினாலும் மறுபடி பார்க்க வேண்டும். டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் அண்ணாச்சி "எல்லாம் போட்டாச்சு" என்று சொன்னாலும் பாருங்கள்.

அடுத்து, காசு கொடுத்து வாங்கும் தட்டு. பாரிசிலிருந்து கிளம்பும் ஏர் பிரான்ஸ், வியன்னாவிலிருந்து கிளம்பும் ஆஸ்திரியன் போன்றவை நெடுந்தூர விமானங்களில் எகானமிக்காரர்களுக்கும் இப்படி ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கின்றன. பேர்போன சமையற்காரர்களின் கைவண்ணம், நல்ல தட்டு, கொஞ்சம் பெரிய பங்கு. சாப்பாட்டில் ஆசையுள்ள, மீனும் பாலாடைக்கட்டியும் ரசித்துச் சாப்பிடுகிற இளவயதுக்காரருக்கு அந்தப் பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு என்றால் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொண்டுதான் அழுத்த வேண்டும்.

அந்தப் பட்டியலில் நமக்கு ஆகும் சைவம் இருக்கிறதா? இருந்தாலும் அது பிரெஞ்சுக்காரர் நினைக்கும் சைவம். பாலாடைக்கட்டியும் கிரீமும் மூலிகைகளும் கொண்டது. ஆச்சிக்கு அதைவிட அந்த இலவசக் கொண்டைக்கடலையே தேவலை. இரண்டாவது, காசு கொடுத்தது பெரும்பாலும் முதல் வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும்தான். இறங்குவதற்கு முன் வரும் பலகாரம் எல்லோருக்கும் வருகிறதுதான் வரும். இதை எடுத்தால் அந்த வேளைக்கு இலவசச் சிறப்பு உணவும் கிடையாது. மூன்றாவது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? இரவு பத்து பதினொன்றுக்குக் கிளம்பும் விமானத்தில் தட்டு வரும்போது நடுநிசி ஆகிவிடும். தூக்கக் கலக்கத்தில் பாதி தின்று மூடி வைக்க இரண்டாயிரம் ரூபாயா? பகல் விமானம் என்றால் அர்த்தம் உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடாவுக்குக் கிளம்புகிறவை பலவும் நள்ளிரவு தாண்டி, விடியுமுன் கிளம்புகிறவை. அவற்றில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதுதான் புத்தி.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 'புக் த குக்' என்று முன்கூட்டியே விரும்பிய பண்டத்தைச் சொல்லிவைக்கும் வசதி பிரபலம். யாராவது சொல்லக் கேட்டுத் தேடாதீர்கள். அது பிரீமியம் எகானமியில் தொடங்குகிறது, சாதாரண எகானமிக்கு இல்லை.

ருசி பற்றி ஒரு விஷயம், ஏனென்றால் இது காசுக் கணக்கையே மாற்றுகிறது. மேலே பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதற்குச் சமம். கொடைக்கானலில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கொடைக்கானலின் ஈரம் கிடையாது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மூக்கு காய்ந்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் பாதி ருசி போயிற்று. லுஃப்தான்சாவுக்காக ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010-இல் செய்த சோதனையில், அந்த அழுத்தத்தில் உப்பு 20 முதல் 30 சதவீதமும் இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் குறைவாகத் தெரிந்தன. புளிப்பும் கசப்பும் காரமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. எஞ்சின் இரைச்சலும் சேர்ந்து இனிப்பை அமுக்குகிறது, தக்காளி போன்றவற்றில் உள்ள உமாமிச் சுவையைத் தூக்குகிறது என்று கார்னெல் பல்கலைக்கழகத்தார் 2015-இல் கண்டார்கள். விமானத்தில் ஆட்கள் தக்காளிச் சாறு கேட்டுக் குடிப்பதன் ரகசியம் அதுதான்.

இதை நம் அடுப்படிக் கணக்குக்குக் கொண்டுவந்தால், மென்மையான கிரீம் சாஸும் லேசான மீனும் கொண்ட இருபது யூரோத் தட்டு மேலே போனதும் சப்பென்று ஆகிவிடும். புளிக்காய்ச்சலும் மிளகாய்ப் பொடியும் தரையில் இருந்த மாதிரியே உறைக்கும். அப்பா சொன்ன புளிச்சோறுக்கு அறிவியல் சாட்சி சொல்கிறது.

ஆனால் கட்டுச்சோற்றுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதை அப்பா பார்ப்பதில்லை. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நாகர்கோவில் வழியாகக் காரில் மூன்றரை நான்கு மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே போக வேண்டும். அல்லது தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து சென்னைக்குச் சின்ன விமானம், அங்கே காத்திருந்து பெரிய விமானம். எப்படிப் போனாலும் பெரிய விமானம் மேலே ஏறும்போது இலைப்பொட்டலத்துக்கு எட்டு மணி நேர வயதாகியிருக்கும். அமெரிக்காவரை என்றால் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு நாளுக்கு மேல். சோறு வெதுவெதுப்பில் கிடந்தால் பாசில்லஸ் செரியஸ் என்னும் கிருமி வளரும். அது விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. விமானத்தில் நீங்கள் கொண்டுபோனதைச் சூடாக்கித் தரவும் பொதுவாக மாட்டார்கள். ஆகவே கட்டுச்சோறு முதல் விமானத்துக்குத்தான் தாங்கும். முதல் விமானத்திலோ ஏற்கெனவே நம்மூர்ச் சாப்பாடு இருக்கிறது! அவசியமில்லாத இடத்துக்குத்தான் நாம் பொட்டலம் சுமக்கிறோம்.

இருந்தாலும் மனசு கேட்காது என்றால், எதைக் கட்டுவது என்பதில் கவனம் வேண்டும். இட்லியை நன்றாக ஆறவிட்டு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியை இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டினால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. புளியும் எண்ணெயும் தூக்கலாக இருக்கிற புளியோதரை அடுத்தது. சப்பாத்தியும் தண்ணீர் சுண்டிய தக்காளித் தொக்கும் மூன்றாவது. தொக்கு கொஞ்சமாக இருக்கட்டும். தேங்காய்ச் சட்னி, சொதி, தயிர் சாதம் வேண்டவே வேண்டாம். சொதி இல்லாமல் விருந்தா என்று கேட்கும் ஊர் இது, ஆனாலும் தேங்காய்ப்பால் அந்த வெயிலில் நாகர்கோவில் தாண்டுமுன்னே திரிந்துவிடும். பாதுகாப்புச் சோதனையில் குழம்பு, தயிர், ஊறுகாய் எல்லாம் திரவக் கணக்கில் வரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போனால் வாங்கித் தொட்டியில் போட்டுவிடுவார்கள். பொடிக்கும் அளவு உண்டு: அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடி கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், திருப்தி இல்லையென்றால் உள்ளே விட மாட்டார்கள். வருஷத்துக்கான இட்லிப் பொடியைப் பெரிய பெட்டியில் போடுங்கள், வழிக்கு ஒரு சின்னப் பொட்டலம் போதும். கருவாடு, அவித்த முட்டை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மூடிய அறையில் முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இறங்குமுன் மிச்சத்தைக் காலி செய்துவிட வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் சாப்பாட்டுப் பொருளை வருகை அட்டையில் எழுதிக் காட்டாமல் போனால் அபராதம்; நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர். இட்லி தீர்ந்தாலும் வாழையிலை செடிப்பொருள்தான், அதையும் விமானக் குப்பையிலேயே போட்டுவிட்டு இறங்குங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பால், இறைச்சிப் பண்டங்களைக் கொண்டுபோகத் தடை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைப் பேரனுக்கு என்று மறைத்துக் கொண்டுபோகும் ஆச்சிகள் கவனிக்க. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் பொதுவாகப் பிரச்சினையில்லை, ஆனால் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கடலை ஒவ்வாமை என்று அறிவித்தால் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருப்பது மரியாதை.

இப்போது திரும்பும் பயணத்துக்கு வருவோம். இங்கேதான் நிஜமான முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. டல்லஸிலோ மியூனிக்கிலோ இருக்கும் மகள் வீட்டிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம். காலையில் செய்த இட்லி அப்படியே விமானத்துக்குப் போகும். எட்டு மணி நேரம் வழியில் வேகாது. இலவச சைவம் மோசமாக இருக்கும் அதே விமானத்தில் வீட்டுப் பொட்டலம் புதிதாக இருக்கும். பெற்றோருக்கு இருபது யூரோத் தட்டு வாங்கிக் கொடுக்க நினைக்கும் மகன் அந்தக் காசை வைத்துக்கொண்டு, அதிகாலையில் எழுந்து பத்து இட்லி அவித்துக் கொடுக்கட்டும். மருமகளை எழுப்பாமல் மகனே அவிக்கட்டும் என்பது என் அபிப்பிராயம். ஏ.வி.எம்.எல். குறியீடும் போட்டு, அந்தத் தட்டில் வரும் தயிரையும் பழத்தையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு பிரதானப் பண்டத்தை ஒதுக்கினால் போதும்.

கொண்டைக்கடலையை ஒதுக்கச் சொல்வதற்கு ருசி மட்டும் காரணமில்லை. அந்த உயரத்து அழுத்தத்தில் வயிற்றில் இருக்கும் காற்று கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு விரியும். பத்து மணி நேரம் நகர முடியாமல் உட்காரப் போகிறவர்களுக்குக் கடலையும் பட்டாணியும் ஆகாது.

குறைந்த கட்டண விமானங்களில் கணக்கு முழுக்க வேறு. சிங்கப்பூர் வழியாக ஸ்கூட், கோலாலம்பூர் வழியாக ஏர் ஏஷியா என்று ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய. திருச்சியிலோ திருவனந்தபுரத்திலோ ஏறுவார்கள். முதல் துண்டு நான்கு மணி நேரம், அடுத்தது ஏழெட்டு மணி நேரம், டிக்கெட்டில் தண்ணீர்கூடச் சேர்த்தி இல்லை. வெளிச் சாப்பாட்டை உள்ளே சாப்பிடக்கூடாது என்பதும் அவர்களின் விதி. நடைமுறையில் யாரும் பொட்டலத்தைப் பிடுங்குவதில்லை என்றாலும் அதை நம்பி இறங்க வேண்டாம். இங்கே சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பது ஆடம்பரம் இல்லை, அவசியம். விமானத்தில் வாங்குவதைவிட முன்பதிவு மலிவு, வகையும் அதிகம், முக்கியமாக உங்களுக்கு ஒன்று நிச்சயம் இருக்கும். நீண்ட துண்டுக்கு மட்டும் பதிவு செய்தால் போதும். ஏர் ஏஷியாவின் நாசி லெமாக் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. மேலே நெத்திலிச் சம்பல். தூத்துக்குடிப் பிள்ளைக்கு அது ஊர்ச் சாப்பாடு மாதிரியே இருக்கும், சைவக்காரர் மட்டும் படத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க வேண்டும்.

வளைகுடாவுக்கு நான்கு மணி நேரம் போகிறவர்கள் இந்தக் கட்டுரையை இதுவரை படித்ததே அதிகம். வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

இடையில் இறங்கும் விமான நிலையத்தில் சாப்பிடுவதையும் ஒரு வழியாகச் சொல்வார்கள். மூன்று நான்கு மணி நேரம் இடைவெளி இருந்து, கடன் அட்டையில் லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வுக்கூடம்) அனுமதியும் இருந்தால் அதுவே எல்லாவற்றிலும் மேல்: சூடான சாப்பாடு, காலை நீட்டி உட்கார இடம். அட்டை இல்லாமல் நிலையத்துக் கடையில் காசு கொடுத்துச் சாப்பாடு வாங்கினால் விலை அந்த இருபது யூரோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஆனால் கண்ணால் பார்த்து வாங்கலாம். ஒன்றரை மணி நேர இடைவெளியில் இதை முயற்சி செய்ய வேண்டாம், முழங்கால் வலிக்காரர்களோடு நிச்சயமாக வேண்டாம்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு மட்டும் மேலே சொன்ன எதுவும் முழுப் பதில் இல்லை. டி.பி.எம்.எல். (DBML) போட்டால் சர்க்கரை குறைந்த தட்டு வரும், ஆனால் அது எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. மேலே ஏறி ஒரு மணி நேரத்திலும் வரலாம், ஆட்டம் அதிகமாக இருந்தால் இரண்டு மணி நேரம் கழித்தும் வரலாம். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு தட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. தட்டு கைக்கு வந்த பிறகு எடுக்கலாமா என்று டாக்டரிடம் கிளம்பும் வாரத்திலேயே கேட்டு, கால நேர மாற்றத்துக்கும் சேர்த்துத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் பெரிய பெட்டியில் போகக் கூடாது, சரக்கறையில் உறைந்துபோகலாம். டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். கூடவே நாலு பிஸ்கட், ஒரு வாழைப்பழம், சர்க்கரை இறங்கினால் வாயில் போட ஒரு துண்டு கருப்பட்டி. வாழைப்பழத்தை மட்டும் இறங்குமுன் சாப்பிட்டுவிடுங்கள்.